யோஷியோ ஷிராய்: சிப்பி ஆய்வாளர் கண்டெடுத்த சாம்பியன்

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஜப்பானின் முதல் உலகக் குத்துச்சண்டைச் சாம்பியனான யோஷியோ ஷிராய் நான்கு முறைதான் பட்டத்தைக் காத்துக்கொண்டார். பதிமூன்று முறை காத்தவரே அந்த நாட்டில் பிறகு வந்துவிட்டார். அப்படியிருக்க, இன்னும் அவர் பெயரையே ஏன் முதலில் சொல்கிறார்கள்? குத்துச்சண்டையே தெரியாத ஓர் அமெரிக்க விஞ்ஞானி அவரை உருவாக்கினார் என்கிறார்களே, அது உண்மையா, கட்டுக்கதையா? அந்த அமெரிக்கருக்கு இதனால் என்ன கிடைத்தது?"

விஞ்ஞானி விஷயம் உண்மை. பெயர் ஆல்வின் கான். விலங்கியல் படித்தவர், நீர்வாழ் உயிரினங்களை ஆராய்ந்தவர். "குத்துச்சண்டையே தெரியாத" என்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் தொழில்முறைப் பயிற்சியாளர் அல்லர், அவ்வளவுதான். ஓர் உடல் எப்படி அசைகிறது, எதைத் தின்றால் எப்படி மாறுகிறது என்று பார்த்துப் பழகிய கண் அவருக்கு இருந்தது. அன்றைய டோக்கியோவில் பயிற்சிக்கூடம் வைத்திருந்த பலருக்கு இல்லாத கண் அது.

நான்கு முறைதானே என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஷிராய் பட்டம் வென்ற 1952இல் உலகத்தில் எட்டு எடைப் பிரிவுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாம்பியன் என்றால் பூமி முழுவதற்கும் எட்டே பேர். இன்று பதினேழு எடைப் பிரிவுகள். ஒவ்வொன்றிலும் நான்கு அமைப்புகள் தனித்தனியாகப் பட்டம் வழங்குகின்றன. பெருக்கினால் 68 பட்டங்கள். அதற்கு மேல் "இடைக்காலச் சாம்பியன்", "சூப்பர் சாம்பியன்" என்று வேறு சேர்த்துக்கொள்கிறார்கள். அன்றைய ஃப்ளைவெயிட் பட்டம், அதாவது 50.8 கிலோவுக்கு மேற்படாத ஆண்களில் உலகிலேயே முதல்வன் என்ற பட்டம், ஒன்றுதான். போட்டியும் இன்றுபோலப் பன்னிரண்டு சுற்று அல்ல, பதினைந்து சுற்று. தவிர, அந்தப் பட்டம் அதுவரை ஆசிய வீரர்களிடம் அரிதாகவே போயிருந்தது; 1920களில் பிலிப்பைன்ஸின் பான்சோ வில்லா அதை வைத்திருந்தார். இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் நான்கு என்பது சின்ன எண் இல்லை. ஆனால் அவர் பெயர் நிலைத்ததற்குக் காரணம் இந்த எண்ணும் இல்லை.

ஷிராய் 1923 நவம்பரில் டோக்கியோவில் பிறந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில்தான் பெரும் பூகம்பம் நகரத்தைத் தரைமட்டமாக்கியிருந்தது. பள்ளிச் சிறுவனாக இருந்தபோது ஊர்த் திருவிழாவில் ஒரு கங்காருவோடு கையுறை மாட்டிக்கொண்டு மோதியதுதான் அவருடைய முதல் குத்துச்சண்டை என்பது, அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் விடாமல் சொல்லும் கதை. வென்றது கங்காரு. 1943இல், போர் உச்சத்தில் இருந்தபோது தொழில்முறைக் களத்தில் இறங்கினார். நன்றாகத்தான் ஆடினார். ஆனால் அடுத்த ஆண்டே கடற்படைக்கு அழைத்துவிட்டார்கள். விமானங்களைப் பராமரிக்கும் பிரிவில் வேலை. போர் முடிந்து திரும்பியபோது முதுகிலும் இடுப்பிலும் நரம்பு வலி. குத்துச்சண்டையில் ஒரு குத்தின் வலிமை காலில் தொடங்கி இடுப்பில் திரும்பித் தோள் வழியாகக் கைக்கு வருகிறது. இடுப்பு ஒத்துழைக்காதவனுக்குக் கை இருந்தும் பயனில்லை. தோல்விகள் வந்தன. இருபது முதல் இருபத்து நான்கு வயது வரை ஒரு ஃப்ளைவெயிட் வீரனின் பொன்னான காலம். ஷிராய்க்கு அந்தக் காலம் போரிலும் பசியிலும் வலியிலும் கழிந்தது.

பசி என்று சும்மா சொல்லவில்லை. 1947இல் டோக்கியோ நீதிமன்றத்தின் நீதிபதி ஒருவர், கள்ளச்சந்தைக் குற்றவாளிகளைத் தண்டிக்கும் தானே கள்ளச்சந்தை அரிசியைத் தொடுவதா என்று ரேஷனை மட்டுமே உண்டு, ஊட்டமின்றி உயிரை விட்டார். நாடே சர்க்கரைவள்ளிக் கிழங்கில் உயிர் பிடித்திருந்த நாட்கள். அப்படிப்பட்ட ஊரில் ஃப்ளைவெயிட் வீரர்கள் நிறையப் பேர் கிடைத்தார்கள் என்றால் அதற்கு உடற்கூறு மட்டும் காரணமில்லை.

இங்கே ஜப்பானியக் குத்துச்சண்டையின் முந்தைய கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் கான் செய்தது என்னவென்று விளங்காது. யூஜிரோ வாத்தனாபே என்பவர் அமெரிக்காவில் மோதிப் பழகிவிட்டு 1921இல் திரும்பி வந்து, டோக்கியோவில் முறையான முதல் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். அங்கிருந்து வளர்ந்தவர்களில் எல்லோரையும் மிஞ்சியவர் ட்சுனேயோ ஹொரிகுச்சி. பட்டப்பெயர் "பிஸ்டன்". இயந்திரத்தின் பிஸ்டனைப் போல இரண்டு கையையும் நிறுத்தாமல் வீசிக்கொண்டே முன்னால் வருவார். எதிராளி அடிப்பதைத் தடுப்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. ஒன்று வாங்கிக்கொண்டு மூன்று கொடுப்பது அவர் வழி. தொடர்ச்சியாக 47 வெற்றிகள், மொத்தம் 170க்கும் மேற்பட்ட போட்டிகள். கூட்டம் அவரைக் கொண்டாடியது. சதையைக் கொடுத்து எலும்பை வெட்டு என்று ஜப்பானிய மொழியில் ஒரு வழக்கு உண்டு. அதற்கு உருவம் கொடுத்தால் ஹொரிகுச்சிதான். உடல் தேய்ந்த பிறகும் மோதிக்கொண்டே இருந்து, 1950இல் தண்டவாளத்தில் நடந்தபோது ரயில் மோதி இறந்தார்.

ஆக, நல்ல குத்துச்சண்டை வீரன் என்றால் அடிவாங்க அஞ்சாதவன் என்பதுதான் அந்த நாட்டின் இலக்கணமாக இருந்தது. ஷிராய் அந்த இலக்கணத்துக்குள் அடங்காதவர். ஏறக்குறைய 169 செ.மீ. உயரம், அந்த எடைக்கு மிக அதிகம். நீண்ட கை, ஒல்லி உடம்பு, முதுகு வலி. முண்டியடித்துக்கொண்டு உள்ளே புகுந்து மோதுவதற்கு இதைவிடப் பொருந்தாத உடல் கிடைக்காது. ஆனாலும் அவரும் மற்றவர்களைப் போலவே மோதிக்கொண்டிருந்தார், வேறு வழி யாரும் சொல்லித் தராததால்.

கான் இந்த இடத்தில்தான் வருகிறார். இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர், அந்த மாநிலத்து ஆமைகளைப் பற்றி விரிவாக எழுதியவர். போருக்குப் பின் ஜப்பானை ஆண்ட நேச நாடுகளின் தலைமையகத்தில், இயற்கை வளப் பிரிவில் பணியாற்ற வந்தார். ஜப்பானியர்கள் முத்து வளர்ப்பது, ஆளி என்ற உண்ணும் சிப்பி வளர்ப்பது, மட்டி வளர்ப்பது எப்படி என்று அவர் எழுதிய அறிக்கைகள் இன்றும் மீன்வளத் துறைக்காரர்களுக்குத் தெரிந்தவை. வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. குழந்தைகள் இல்லை. 1948இல் டோக்கியோவில் கின்சாவை ஒட்டிய ஒரு பயிற்சிக்கூடத்துக்குள் எட்டிப் பார்த்தவர், அங்கே கைவிடப்பட்ட நிலையில் பயிற்சி செய்துகொண்டிருந்த இந்த உயரமான ஆளைக் கண்டார். மறுபடியும் மறுபடியும் வந்தார். அந்த வீரனின் எதிர்த்தாக்குதலில் இருந்த காலக் கணிப்பு அவருடைய கண்ணில் பட்டது. எதிராளி கை நீட்டும் அந்த நொடியில், அந்தக் கை திரும்பும் முன்னால், தன் குத்தை அனுப்பும் கலை. கற்றுக்கொடுத்து வராத விஷயம் அது. மற்றதை எல்லாம் கற்றுக்கொடுக்கலாம் என்று கான் முடிவு செய்தார்.

முதலில் சோறு. மற்ற எதுவும் அப்புறம். ஆக்கிரமிப்புத் தலைமையகத்து ஊழியருக்குக் கிடைக்கும் இறைச்சி, முட்டை, பால் எல்லாம் ஷிராயின் தட்டுக்குப் போயின. முதுகுக்கு ஓய்வும் சிகிச்சையும் கிடைத்தன. உடல் தேறிய பிறகுதான் பயிற்சி. பயிற்சி என்றால் என்ன? இடது ஜாப், அதாவது இடது கையைச் சட்டென்று நேராக நீட்டிக் குத்துவது. மறுபடியும் இடது ஜாப். அதற்குப் பின்னால் வலது ஸ்ட்ரைட், வலது கையால் நேராக வீசும் பலமான குத்து. பிறகு கால் வேலை: அடித்த இடத்தில் நிற்காதே. அடி, ஆனால் அடிபடாதே என்ற அந்த ஒற்றை விதியைச் சுற்றித்தான் எல்லாம். இதைக் கேட்கும் எந்தக் குத்துச்சண்டைக்காரனும் இன்று சிரிப்பான், இதுதானே அரிச்சுவடி என்று. உண்மைதான், அரிச்சுவடிதான். ஆனால் பிஸ்டனைக் கொண்டாடிய நாட்டில் அரிச்சுவடி படிக்காமலே எல்லோரும் காப்பியம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. தோற்ற நாட்டுக்காரனும் வென்ற நாட்டு அதிகாரியும் என்று இருந்த காலம். தெருவில் ஒரு ஜப்பானியன் அமெரிக்க அதிகாரியோடு நடந்தாலே முதுகுக்குப் பின்னால் பேச்சு எழும். ஷிராய் மூன்று ஆண்டுக்கு முன்புவரை அந்த நாட்டோடு போரிட்ட கடற்படையில் இருந்தவர். இருவருக்கும் பொது மொழி கூட ஒழுங்காக இல்லை. எனக்கு ஷிராயின் வெற்றிகளைவிட இதுதான் பெரிய வியப்பு. கான் கொடுத்ததில் தாராளம் இருந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நேற்றுவரை எதிரியாக இருந்தவன் சொல்வதைக் கேட்டு, தன் நாட்டின் வழக்கத்தையே விட்டுவிட்டு, இருபத்தைந்தாவது வயதில் முதல் பாடத்திலிருந்து தொடங்கிய ஷிராயின் துணிச்சலை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

பலன் சீக்கிரமே தெரிந்தது. 1949 ஜனவரியில் யோயிச்சிரோ ஹனாடாவை வீழ்த்தி ஜப்பானின் ஃப்ளைவெயிட் பட்டத்தை எடுத்தார். ஹனாடாவும் சாமர்த்தியக்காரர் என்று பெயர் எடுத்தவர்தான். அதே ஆண்டு டிசம்பரில் அதற்கு அடுத்த மேல் எடைப் பிரிவான பேண்டம்வெயிட் பட்டத்தையும் வென்றார். அங்கே தோற்றவர் ஹிரோஷி ஹொரிகுச்சி, பிஸ்டனின் தம்பி. அந்த இரவின் பொருளை அன்று எத்தனை பேர் உணர்ந்தார்களோ, தெரியாது.

அப்போது உலகப் பட்டம் இருந்த இடம் ஹவாய். தாதோ மரினோ ஹொனலுலுவில் பிறந்த பிலிப்பைன்ஸ் வம்சாவளிக்காரர். 1950 ஆகஸ்டில் இங்கிலாந்தின் டெரி ஆலனை வென்று பட்டம் எடுத்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்தை நெருங்கிவிட்டது. பேரப்பிள்ளை பார்த்துவிட்ட முதல் உலகச் சாம்பியன் என்று அவரைச் சொல்வார்கள். ஃப்ளைவெயிட்டில் வேகம்தான் மூலதனம் என்பதால், அந்த வயதில் அந்தப் பட்டம் வைத்திருப்பதே ஓர் அதிசயம். மரினோவின் மேலாளர் சாம் இச்சினோசே ஹவாயில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர். ஜப்பானில் ஒரு பெரிய போட்டி நடந்தால் கூட்டம் எப்படி வரும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தொடர்பு இல்லாமல் இருந்திருந்தால், போரில் தோற்று உலக விளையாட்டிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஒரு நாட்டு வீரனுக்கு உலகச் சாம்பியனோடு மோதும் வாய்ப்பு அவ்வளவு எளிதில் கிடைத்திருக்காது.

1951 மே மாதம் மரினோ டோக்கியோவுக்கு வந்தார். பட்டம் பந்தயத்தில் இல்லை, பத்துச் சுற்று. நடுவர்களின் கணிப்பு பிளந்தது, மரினோ வென்றார். ஆனால் தோற்ற ஷிராய்க்குத் தன்னால் இந்த மனிதரோடு நிற்க முடியும் என்று தெரிந்துவிட்டது. டிசம்பரில் ஹொனலுலுவுக்கே போய், அதுவும் பட்டமில்லாத போட்டிதான், ஏழாவது சுற்றில் மரினோவை நிறுத்தினார். சாம்பியனை அவருடைய ஊரிலேயே வீழ்த்திய ஆளுக்குப் பட்டப் போட்டியை இனி மறுக்க முடியாது.

ஆனால் ஜப்பானில் உலகப் பட்டப் போட்டி நடத்த ஒரு தடை இருந்தது. போட்டிகளை மேற்பார்வையிட்டு, நடுவரை நியமித்து, முடிவை உறுதிசெய்ய ஓர் ஆணையம் வேண்டும். ஜப்பானில் அப்படி ஒன்று கிடையாது. பயிற்சிக்கூடங்களும் ஏற்பாட்டாளர்களும் தங்களுக்குள் வகுத்துக்கொண்டதுதான் சட்டம். ஆகவே 1952 ஏப்ரல் 21 அன்று ஜப்பான் குத்துச்சண்டை ஆணையம் நிறுவப்பட்டது. கொராகுவென் விளையாட்டரங்க நிறுவனத்தின் தலைவரே ஆணையத்துக்கும் தலைவர். இன்றுவரை அந்த நாட்டின் தொழில்முறைக் குத்துச்சண்டையைக் கட்டியாளும் அமைப்பு, ஒரு மனிதனின் ஒரு போட்டிக்காகப் பிறந்தது என்று சொன்னால் மிகையில்லை. ஷிராயின் பெயரை ஏன் முதலில் சொல்கிறார்கள் என்ற கேள்விக்கு என் பதிலில் பாதி இங்கேயே இருக்கிறது.

ஆணையம் பிறந்து ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 28 அன்று, சான் பிரான்சிஸ்கோ சமாதான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து ஆக்கிரமிப்பு முடிந்தது. ஜப்பான் மறுபடியும் தன்னாட்சி பெற்ற நாடு. மே 1 அன்று அரண்மனைச் சதுக்கத்தில் தொழிலாளர் பேரணியும் போலீசும் மோதி ரத்தம் சிந்தியது. மே 19 அன்று கொராகுவென் பேஸ்பால் மைதானத்தின் நடுவில் மேடை போட்டு ஷிராயும் மரினோவும் மோதினார்கள். சுற்றிலும் ஏறக்குறைய நாற்பதாயிரம் பேர். அதற்கு முன்னால் தோல்வியில் துவண்ட அந்த மக்கள் நிமிர்ந்து உட்கார்ந்த தருணங்களை எண்ணிவிடலாம்: 1949இல் இயற்பியலாளர் யுகாவாவுக்கு நோபல் பரிசு, அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் நீச்சல் வீரர் ஃபுருஹாஷியின் உலகச் சாதனைகள். உனக்காக மோதாதே, உன் நாட்டுக்காக மோது என்று கான் தன் வீரனிடம் சொன்னதாகச் சொல்வார்கள். ஓர் அமெரிக்கர் ஜப்பானியரிடம், ஆக்கிரமிப்பு முடிந்து மூன்று வாரத்தில் சொன்னது.

போட்டி எப்படி நடந்தது? ஷிராய் தன் பாடத்தை ஒப்பித்தார். நிமிர்ந்து நின்று, இடது கையை நீட்டி நீட்டி மரினோவை எட்டத்திலேயே வைத்தார். மரினோ உள்ளே வர வேண்டும். வந்தால் வலது கை காத்திருக்கும். அப்படியும் ஏழாவது சுற்றில் மரினோவின் இடது ஹூக், பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து, பலமாக இறங்கி ஷிராய் தள்ளாடினார். பழைய ஷிராயாக இருந்தால் அடித்தவனைத் திருப்பி அடிக்கப் பாய்ந்திருப்பார், கதை அங்கே முடிந்திருக்கும். இவர் கட்டிப்பிடித்து, நகர்ந்து, அந்தச் சுற்றைக் கடந்து, தன் மூலைக்குப் போய்க் கானின் கத்தலை வாங்கிக்கொண்டு, அடுத்த சுற்றில் மறுபடியும் இடது ஜாபிலிருந்து தொடங்கினார். பதினைந்து சுற்று முடிந்ததும் நடுவர்கள் ஒருமனதாக அவரை அறிவித்தார்கள். நாக் அவுட் இல்லை, ரத்த வெள்ளம் இல்லை. ஜப்பானின் முதல் உலகப் பட்டம் இப்படிப் புள்ளிக் கணக்கில் வந்தது எனக்குப் பிடித்த விஷயம். மே 19ஐ அங்கே "குத்துச்சண்டை நாள்" என்று 2010 முதல் கொண்டாடுகிறார்கள்.

அடுத்த இரண்டு ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். 1952 நவம்பரில் மரினோவோடு மறுபோட்டி. ஷிராய் வென்றார், மரினோ ஓய்வு பெற்றார். 1953 மே மாதம் பிலிப்பைன்ஸின் டானி காம்போ, அக்டோபரில் டெரி ஆலன், 1954 மே மாதம் மறுபடியும் பிலிப்பைன்ஸிலிருந்து லியோ எஸ்பினோசா. நான்குமே பதினைந்து சுற்றுகள், நான்குமே புள்ளிக் கணக்கு. எஸ்பினோசாவோடு மட்டும் மயிரிழையில் தப்பினார். நடுவர்களில் ஒருவர் மறுபக்கம் போனார்.

இவற்றில் ஆலனோடு நடந்த போட்டியைத் தனியே சொல்ல வேண்டும், குத்துக்காக அல்ல. ஜப்பானில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1953இல்தான் தொடங்கியது. வீட்டில் பெட்டி வாங்கும் வசதி மிகச் சிலருக்கே. நிப்பான் தொலைக்காட்சி நிலையத்தின் முதலாளி ஷோரிக்கி ஒரு தந்திரம் செய்தார்: ரயில் நிலைய வாசல்களிலும் சதுக்கங்களிலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் பெட்டிகளை உயரத்தில் நிறுத்தி இலவசமாகக் காட்டினார். அக்டோபர் 27 அன்று ஷிராயைப் பார்க்கத் தெருக்கள் அடைத்துக்கொண்டன. ஜப்பானில் தொலைக்காட்சியைப் பரப்பியது மல்யுத்த வீரர் ரிக்கிடோசான்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். அவருடைய புகழ்பெற்ற ஒளிபரப்பு 1954 பிப்ரவரியில்தான் வந்தது. தெருக்கூட்டத்தை முதலில் கூட்டியவர்களில் நம் ஒல்லி மனிதர் இருக்கிறார்.

பிறகு பாஸ்குவால் பெரெஸ் வந்தார். அர்ஜென்டினாவின் மெண்டோசா மாகாணத்துக்காரர், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். உயரம் 150 செ.மீ. அளவுதான். ஷிராய்க்கு மோவாய் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை குள்ளமானவரை நீண்ட ஜாபால் தடுத்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பெரெஸ் ஜாபுக்குக் கீழே குனிந்து நுழைந்து, அங்கிருந்து மேல்நோக்கி வீசுவார். அந்த வீச்சில் பெரிய உடம்புக்காரனின் பலம் இருக்கும். எடையைப் பொறுத்தவரை அவருக்குக் கவலையே இல்லை, இயல்பாகவே வரம்புக்குக் கீழே நிற்பவர். ஷிராயோ ஒவ்வொரு போட்டிக்கும் தன் உயரமான உடலை 50.8 கிலோவுக்குள் திணிக்க வேண்டும். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. 1954 ஜூலையில் புவனோஸ் அயர்ஸில் பட்டமில்லாத பத்துச் சுற்றுப் போட்டி சமநிலையில் முடிந்தது. அங்கேயே எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. நவம்பர் 26 அன்று டோக்கியோவில் பதினைந்து சுற்றுகளில் பெரெஸ் தெளிவாக வென்றார். ஜப்பானின் முதல் உலகச் சாம்பியனிடமிருந்து பட்டத்தை எடுத்தவர் அர்ஜென்டினாவின் முதல் உலகச் சாம்பியன்.

1955 மே 30 அன்று மறுபோட்டி. ஐந்தாவது சுற்றில் ஷிராய் விழுந்தார், எழவில்லை. அதோடு ஓய்வு. அந்த ஒளிபரப்பை 96.1 விழுக்காட்டினர் பார்த்ததாக அன்றைய கருத்துக் கணிப்பு சொல்கிறது. ஜப்பானியத் தொலைக்காட்சியின் மிக உயர்ந்த எண்ணாக அதைக் காட்டுவார்கள். இன்றைய கருவி வைத்து அளக்கும் முறைக்கு முந்தைய கணிப்பு அது, பெட்டி வைத்திருந்த வீடுகளும் குறைவு. அதனால் அந்த எண்ணை அப்படியே இன்றைய எண்களோடு ஒப்பிடுவது சரியில்லை. ஆனாலும் பெட்டி வைத்திருந்தவர்களில் வேறு எதையாவது பார்த்த நாலு பேர் யாராக இருக்கும் என்று யோசித்துச் சிரித்திருக்கிறேன்.

58 போட்டிகள், 46 வெற்றி, அதில் 20 நாக் அவுட், 8 தோல்வி, 4 சமநிலை. இந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு அவரை உலகின் மிகச் சிறந்த ஃப்ளைவெயிட் வீரர்கள் வரிசையில் நிறுத்த முடியுமா? முடியாது, நான் நிறுத்தவும் மாட்டேன். அவரை வீழ்த்திய பெரெஸ் அந்த வரிசையில் நிச்சயம் உண்டு. மரினோவிடம் பட்டம் எடுத்தபோது எதிரே நின்றவருக்கு வயது முப்பத்தாறு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஜப்பானிலேயே அவரைவிடத் திறமையானவர்கள் பின்னால் வந்தார்கள். என் பட்டியலில் ஃபைட்டிங் ஹராடா முதலில் வருவார்.

ஹராடாவின் கதை தனிப் பதிலுக்குரியது. ஆனால் ஷிராயின் பட்டம் அவரிடம் எப்படி வந்து சேர்ந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். பெரெஸ் ஒன்பது முறை பட்டத்தைக் காத்தார். 1959 ஜனவரியில் சடாவோ யாவோயிட்டா என்ற ஜப்பானியர் பட்டமில்லாத போட்டியில் அவருக்கு முதல் தோல்வியைக் கொடுத்தார்; ஆனால் பட்டம் பந்தயத்தில் இருந்த நவம்பர் போட்டியில் யாவோயிட்டாவே விழுந்தார். 1960இல் தாய்லாந்தின் போன் கிங்பெட்ச் பெரெஸை வென்றார். 1962இல் கிங்பெட்சோடு மோத வேண்டியிருந்த யாவோயிட்டா திடீரென்று ஓய்வை அறிவித்துவிட, அந்த இடத்தில் நிறுத்தப்பட்டவர் பத்தொன்பது வயது மசாஹிக்கோ ஹராடா. அக்டோபர் 10 அன்று, பதினோராவது சுற்றில், கிங்பெட்சை மூலைக்குத் தள்ளி, எண்ண முடியாத அளவுக்குக் குத்துகளைப் பொழிந்து வீழ்த்தினார். ஷிராய் இழந்த அதே பட்டம், கைமாறிக் கைமாறி, ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் கழித்து டோக்கியோவுக்குத் திரும்பியது. மூன்று மாதத்தில் பாங்காக்கில் அதை ஹராடா இழந்தது வேறு விஷயம். அவர் மேல் எடைக்குப் போய், 1965இல் அதுவரை தோற்காத பிரேசிலின் எடர் ஜோஃப்ரேயை வென்று இரண்டாவது பட்டமும் எடுத்தார்.

இதில் ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? ஹராடா மோதிய விதம் ஷிராயின் வழி அல்ல. நிறுத்தாமல் முன்னேறிக் குத்தும் பிஸ்டன் வழி. அவரை வளர்த்த பயிற்சிக்கூடத்தின் உரிமையாளர் சசாசாக்கியும், ஹொரிகுச்சியோடு 1941இல் மோதிப் பெயர் பெற்ற பழைய வீரர்தான். ஆக, கான் கொண்டுவந்த பாடம் ஜப்பானைத் தலைகீழாக மாற்றிவிட்டது என்று சொன்னால் அது பொய். மக்களின் மனம் மறுபடியும் பாய்கிறவன் பக்கமே போனது. ஆனால் ஹராடாவின் பாய்ச்சலுக்கு முன்னால் ஓர் ஆணையம் இருந்தது, உலகப் பட்டப் போட்டியை டோக்கியோவில் நடத்திய பழக்கம் இருந்தது, அதைத் தொலைக்காட்சியில் பார்க்கக் காத்திருந்த நாடு இருந்தது. பத்தொன்பது வயதுப் பையனுக்கு, ஜப்பானியனும் உலகப் பட்டம் எடுக்கலாம் என்பது யாரும் நிரூபித்துக் காட்ட வேண்டிய செய்தியாக இருக்கவில்லை. ஷிராய் பெயரை முதலில் சொல்வதற்கு என் பதிலின் மறுபாதி இது.

கடைசியாகக் கானுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டீர்கள். ஆக்கிரமிப்பு முடிந்து அதிகாரிகள் மூட்டை கட்டியபோது அவரும் போயிருக்கலாம். போகவில்லை. மனைவியோடு ஜப்பானிலேயே தங்கிவிட்டார். ஷிராய் ஓய்வு பெற்றுத் தொலைக்காட்சியில் குத்துச்சண்டை வர்ணனையாளராகப் பேசத் தொடங்கிய பிறகும் உறவு நீடித்தது. முதுமையில் கானின் நினைவு மங்கியது. ஒரு காலத்தில் ஷிராயின் தட்டில் முட்டையும் இறைச்சியும் வைத்தவருக்கு ஷிராயும் அவருடைய மனைவியும் வேளாவேளைக்கு ஊட்டிப் பார்த்துக்கொண்டார்கள். 1971இல் அவர் இறந்தார். தன் சொத்து முழுவதையும் ஷிராயின் பெயருக்கு எழுதி வைத்திருந்தார்.

ஷிராய் 1995இல், எழுபது வயதைக் கடந்த பிறகு, பதிமூன்று முறை பட்டத்தைக் காத்த அந்த யோக்கோ குஷிக்கெனோடு சேர்ந்து டோக்கியோவில் ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். பெயர்ப் பலகையில் ஷிராயின் பெயர் முன்னால், குஷிக்கெனின் பெயர் பின்னால். 2003 டிசம்பர் 26 அன்று, எண்பதாவது வயதில், நிமோனியாவால் ஷிராய் இறந்தார். 2020இல் குஷிக்கென் அந்தக் கூடத்தை மூடும்வரை பலகை அப்படியேதான் இருந்தது.